கட்டமா, வெறுமையா: வட கரோலினா, இண்டியானா கூடைப்பந்துச் சீருடைகள்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஏதேனும் ஓர் அணி புதிய சீருடையை வெளியிடும்போதெல்லாம் நான் அதை இரண்டு அணிகளின் அருகில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று, துணிந்து மாற்றிய வட கரோலினா. மற்றொன்று, மாற்ற மறுத்த இண்டியானா.

வட கரோலினாவின் மாற்றம் 1991-92 பருவத்தில் வந்தது. பயிற்சியாளர் டீன் ஸ்மித் கேட்டுக்கொண்டதன் பேரில் அதை வடிவமைத்த அலெக்சாண்டர் ஜூலியன் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில் ஊரிலேயே பிறந்தவர்; அவருடைய தந்தை அங்கே பிராங்க்ளின் தெருவில் துணிக்கடை நடத்தியவர். அக்குளிலிருந்து இடுப்பு வழியாக அரைக்கால் சட்டையின் விளிம்பு வரை இறங்கும் ஒரு பட்டையில், ஆர்கைல் எனப்படும் சாய்சதுரக் கட்டங்களை அவர் அமைத்தார். வீரர் நேராக நிற்கும்போது கை மறைத்துவிடும் அந்தப் பட்டை, பந்தை எறியக் கையை உயர்த்தியதும் முழு நீளத்திற்கு விரிந்து தெரியும் அழகுக்காகவே பழைய ஆட்டங்களை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முக்கியமானது என்னவென்றால், மார்புப் பகுதியில் அவர் கை வைக்கவில்லை. அணியின் பெயர், எண், அந்த வெளிர்நீலம் ஆகியவை அப்படியே நின்றன. 1993இல் மிச்சிகனை 77-71 என வென்று தேசிய வாகையர் பட்டம் பெற்ற பிறகு, கட்டங்கள் இல்லாத கரோலினாவைக் கற்பனை செய்வதே கடினமாகிவிட்டது.

இண்டியானாவின் மேலங்கியில் இருப்பவை அணியின் பெயரும் எண்ணும் மட்டுமே; முதுகில் வீரரின் பெயர் கிடையாது. 1976இல் 32 ஆட்டங்களிலும் தோல்வியே காணாமல் பட்டம் வென்ற அணியின் படத்தையும் அண்மைக்கால அணியின் படத்தையும் அடுத்தடுத்து வைத்தால், சட்டையின் நீளஅகலம்தான் மாறியிருக்கும். ஆடம்பரம் முழுவதும், ஆட்டத்திற்கு முன் உடலைச் சூடேற்றும்போது அணியும் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட முழுக்கால் சட்டையில் அடங்கிவிடுகிறது. முதுகில் பெயர் இல்லாததை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். இந்த ஒன்றில் இண்டியானாவுக்கு ஈடில்லை.

இவ்விரண்டுக்கும் எதிர்முனையில் 2013ஆம் ஆண்டு இறுதிக்கட்டப் போட்டிகளுக்காக அடிடாஸ் ஆறு கல்லூரிகளுக்குத் தந்த சீருடைகள் நிற்கின்றன. லூயிவிலின் சிவப்பு ஆரஞ்சாக எரிந்தது. நோட்ர டேம் கண்ணைக் கூசவைக்கும் பச்சைக்கு மாறியது. எல்லோருடைய அரைக்கால் சட்டையிலும் ஒரே மாதிரியான கோடுகள். ஆறு ஊர்களின் அணிகள் ஒரே கடையின் அலமாரியில் மடித்து வைத்த துணிகளைப் போல் ஆயின. குறை அந்த நிறங்களின் பளபளப்பில் இல்லை, கரோலினாவின் கட்டம் ஜூலியனின் ஊரிலிருந்து வந்ததைப் போல அவற்றில் எதுவும் அந்தந்த ஊரிலிருந்து வரவில்லை என்பதில்தான் இருக்கிறது.

இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் வட கரோலினாவின் பக்கம் நிற்பேன். இண்டியானா தன்னிடம் இருந்ததைக் காத்துக்கொண்டது. கரோலினாவோ தன்னிடம் இருந்த நீலத்தை விட்டுக்கொடுக்காமல், இல்லாத ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. அந்த மேலங்கியின் முதுகிலிருந்து வீரரின் பெயரை மட்டும் எடுத்துவிட்டால், அதற்குமேல் நான் கேட்க ஒன்றுமில்லை.