மறுசீரமைத்த மார்பில் கட்டி தட்டுப்பட்டால்: பொறுப்பதா, ஸ்கேனா, பயாப்ஸியா?

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து, கதிர்வீச்சும் முடித்து, வயிற்றுச் சதையையோ முதுகுச் சதையையோ வைத்து மார்பைத் திரும்ப அமைத்த பிறகு, குளிக்கும்போது கையில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் யாருக்கும் வருகிற முதல் நினைப்பு, திரும்ப வந்துவிட்டது என்பதுதான். எங்கள் மதினிக்கும் அப்படித்தான். தழும்புக்குக் கொஞ்சம் மேலே, கொட்டைப்பாக்கு போல அதே அளவு, அதே கெட்டி. பாளையங்கோட்டையில் சொந்தபந்தம் ஆளுக்கொரு வழி சொன்னது: கொஞ்ச நாள் பொறு, எம்.ஆர்.ஐ. எடு, திருவனந்தபுரம் போ, ஊசி குத்த மட்டும் விடாதே. எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: முதலில் அல்ட்ராசவுண்டு, சந்தேகம் துளி மிஞ்சினாலும் கோர் பயாப்ஸி, அதாவது தடித்த ஊசியால் சதைத் துண்டு எடுத்துச் சோதிப்பது.

கட்டி என்றாலே புற்று இல்லை. சொந்தச் சதையை வைத்து அமைத்த மார்பில் அதிகம் வருவது ஃபேட் நெக்ரோசிஸ், அதாவது ரத்த ஓட்டம் போதாமல் கொழுப்பு செத்துக் கெட்டிப்படுவது. கதிர்வீச்சு சின்ன ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், அதனால் மறுசீரமைப்புக்குப் பிறகு கதிர்வீச்சு வாங்கிய சதையில் இது கூடுதலாகவே வரும். பெரும்பாலும் முதல் சில மாதங்களில், ஒரு வருஷத்துக்குள் தெரியும். பிறகு அப்படியே நிற்கும், அல்லது சுருங்கும். சதைக்குப் பதிலாக இம்பிளான்ட், அதாவது செயற்கைப் பை, வைத்தவர்களுக்கு வேறு கதை, அதைச் சுற்றி உடம்பு போடுகிற உறை இறுகிக் கல்லாகும், அதையும் கதிர்வீச்சு கூட்டும். திரும்ப வருகிற புற்று பெரும்பாலும் தோலிலோ தோலுக்கு அடியிலோதான் வரும், வளர்ந்துகொண்டே போகும். ஆனால் கெட்டி, வலியில்லாதது, அசையாதது என்ற குணமெல்லாம் செத்த கொழுப்புக்கும் உண்டு, புற்றுக்கும் உண்டு. கையை வைத்துத் தீர்ப்புச் சொல்ல அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது.

அதனால்தான் வீட்டிலேயே பொறுத்துப் பார்ப்பது எனக்குச் சம்மதமில்லை. பொறுப்பது தப்பே இல்லை, ஒரு ஸ்கேன் பார்த்து இது கொழுப்புதான் என்று டாக்டர் சொன்ன பிறகு பொறுக்க வேண்டும். அதற்கு முன்னால் பொறுப்பது வெறும் பயம். எங்கள் பக்கம் பொறுக்கிற காலத்தில் சும்மா இருக்கவும் மாட்டார்கள், நொச்சி இலையைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பார்கள், விளக்கெண்ணெய் தடவி நீவிவிடுவார்கள். தயவுசெய்து அந்த ஒத்தடம் வேண்டாம். மாற்றி வைத்த சதையில் உணர்ச்சி நரம்பு அறுபட்டிருக்கும், சூடு தெரியாது, கொப்புளம் கிளம்பிய பிறகுதான் தெரியவரும், கதிர்வீச்சு பட்ட தோலில் புண் ஆறுவதும் லேசில் நடக்காது.

அல்ட்ராசவுண்டா எம்.ஆர்.ஐ.யா என்று கேட்டால், பெரிய மெஷின்தான் நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கையில் தட்டுப்படுகிற கட்டிக்கு அல்ட்ராசவுண்டு போதும், அதில்தான் ஆரம்பிக்க வேண்டும்: செலவு குறைவு, கதிர்வீச்சு கிடையாது, உள்ளே எண்ணெய்க் கட்டியா, நீரா, திடமான சதையா என்று அங்கேயே பார்த்துவிடலாம், தேவைப்பட்டால் அதே படத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியும் போடலாம். குறை ஒன்று, ஸ்கேன் பார்க்கிறவர் கையைப் பொறுத்தது. உட்கார்ந்தால் தெரிகிற கட்டி படுத்தால் ஒளிந்துகொள்ளும். மதினி கிளம்பும்போதே பால்பாயின்ட் பேனாவால் கட்டியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு போனார், உள்ளே போனதும் ‘இந்த இடந்தான்’ என்று காட்டினார். அப்புறம் ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் கொண்டுபோங்கள், எந்தச் சதையை எடுத்து வைத்தார்கள், கதிர்வீச்சு முன்னாலா பின்னாலா என்று தெரியாமல் படம் பார்ப்பவர் பாதிக் கண்ணோடுதான் பார்க்கிறார்.

எம்.ஆர்.ஐ.க்கு வேலை வேறு. அல்ட்ராசவுண்டில் குழப்பமாக இருந்தால், கட்டி நெஞ்சு எலும்போடு ஒட்டி ஆழத்தில் இருந்தால், சிலிக்கான் இம்பிளான்ட் உள்ளுக்குள் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால், அதுதான் கெட்டிக்காரன். கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுவதால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். தோலை விரிக்க வைக்கிற எக்ஸ்பாண்டர் இன்னும் உள்ளே இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பலவற்றில் காந்தம் இருக்கும், எம்.ஆர்.ஐ. ஆபத்து. எடுத்த எடுப்பில் உடம்பு முழுக்கப் புற்றைத் தேடுகிற பெட் சிடி ஸ்கேன் எடுப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. செத்த கொழுப்பைச் சுற்றி அழற்சி இருக்கும்போது அதுவும் அங்கே ஒளிரும், ஒரு குடும்பமே அழுது தீர்க்கும், கடைசியில் பயாப்ஸிக்குத்தான் வந்து நிற்க வேண்டும். புற்று திரும்பியது உறுதியானால் வேறெங்கும் இருக்கிறதா என்று தேட அது உதவும், அது அடுத்த கட்டம்.

ஊசிக்கு வருவோம். ‘ஏட்டி, ஊசி குத்துனா சும்மா கெடக்குறதும் கெளம்பிரும்’ என்று ஆச்சி ஒரே பிடியாக நின்றார். ஊசி பயாப்ஸியால் மார்பகப் புற்று பரவி நோயாளிக்குக் கெடுதல் வருகிறது என்பது உண்மையில்லை, இந்தப் பயத்தில் தள்ளிப்போட்டுத்தான் நிறையப் பேர் கெடுகிறார்கள். கேள்வி எந்த ஊசி என்பதில்தான். எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசி, சீக்கிரம் முடியும், காசும் குறைவு, ஆனால் உதிரி செல்கள்தான் வரும், கதிர்வீச்சு பட்ட இடத்தில் செல்களே உருமாறித் தெரிவதால் முடிவு சொல்ல முடியவில்லை என்று திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. கோர் பயாப்ஸியில் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் மெல்லிய சதைத் துண்டுகளாக எடுப்பார்கள், திசு முழுசாகத் தெரியும், புற்றே என்றாலும் எந்த மருந்து பலிக்கும் என்று காட்டும் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 சோதனைகளை அதிலேயே செய்யலாம். ஒரு தடவை குத்து வாங்கினாலும் விடை கையில் இருக்க வேண்டும், எனவே நான் கோர் பக்கம். மதினிக்கு அதில் கொழுப்பு என்றுதான் வந்தது. இம்பிளான்ட் உள்ளவர்கள் படம் பார்த்துக்கொண்டே குத்தும் இடத்துக்குத்தான் போக வேண்டும், கண்ணை மூடிக் குத்தினால் இம்பிளான்ட் ஓட்டையாகிவிடலாம்.

இரண்டு விஷயத்துக்கு மட்டும் காத்திருக்கவே கூடாது. கதிர்வீச்சு முடிந்து வருஷங்கள் கழித்துத் தோலில் அடிபட்டது மாதிரி ஊதா நிறத் திட்டு வந்து ஆறாமல் நின்றால், அபூர்வமான வேறொரு புற்றாக இருக்கலாம், தோலையே எடுத்துச் சோதிக்க வேண்டும். இம்பிளான்ட் பக்கம் பல வருஷம் கழித்துத் திடீரென வீங்கினால் நீரை எடுத்துப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான மேல்பரப்பு கொண்ட இம்பிளான்ட்டுகளோடு லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றில் ஒரு அரிய வகை தொடர்புபட்டிருக்கிறது, அதனால்தான் 2019இல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் வகை உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது.

எங்கே போவது? திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனையும் அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டும் பெரிய இடங்கள், மறுப்பில்லை. ஆனால் அல்ட்ராசவுண்டுக்காக சென்னைக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்கப் பயணம் தேவையில்லை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையிலோ தெரிந்த ஸ்கேன் சென்டரிலோ முதல் படத்தை எடுத்து, ரிப்போர்ட்டோடு ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போனால் நாளும் மிச்சம், அலைச்சலும் மிச்சம். பயாப்ஸி முடிவு குழப்பமாக வந்தால், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாராஃபின் பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிக்கொண்டு பெரிய சென்டரில் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லலாம், அதற்கு நோயாளி நேரில் போகத் தேவையில்லை.

கொழுப்புதான் என்று ரிப்போர்ட் வந்தாலும் ஸ்கேன் படமும் அந்த முடிவும் ஒத்துப்போகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒத்துப்போனால் அவர் சொல்கிற மாதத்தில், பெரும்பாலும் ஆறு மாதத்தில், திரும்ப ஸ்கேன். ஒத்துப்போகவில்லை என்றாலோ இடையில் கட்டி பெருத்தாலோ, முதல் ரிப்போர்ட் நல்லதாக இருந்தாலும் இன்னொரு பயாப்ஸி.