கொலுசு: கைவேலையா, மெஷினா?

மகளுக்குப் பழைய கொலுசு பத்தாமல் போனதும் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டு வகையையும் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, கைவேலைக் கொலுசையே எடுத்தேன். அதனால் இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பளபளப்பிலும் சீரான தோற்றத்திலும் மெஷின் கொலுசுதான் முன்னால் நிற்கும். செய்கூலியும் குறைவு. குறைந்த கிராமில் அகலமாகத் தெரியும். கறுப்பது இரண்டும் கறுக்கும்; திருநீறோ பூந்திக்கொட்டைத் தண்ணீரோ போட்டுத் தேய்த்தால் இரண்டும் வெளுக்கும். இதிலெல்லாம் பெரிய சண்டைக்கு இடமில்லை.

வேலைக்கு வருவோம். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு, கொண்டலாம்பட்டி என்று சேலத்தைச் சுற்றி ஒரே கொலுசு பல கை மாறும். வெள்ளியோடு செம்பு சேர்த்து உருக்குவது, கம்பி இழுப்பது, வளையம் கோர்ப்பது, பற்றவைப்பது, முத்தும் கொக்கியும் வைப்பது, மெருகு போடுவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். கோர்க்கும் வேலை பெரும்பாலும் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் செய்வது.

கம்பியை எஃகுக் குச்சியில் ஸ்பிரிங் மாதிரி நெருக்கமாகச் சுற்றி, ஒரு பக்கமாக அறுத்தால் வளையங்கள் உதிரும். ஒவ்வொன்றையும் அடுத்ததில் மாட்டி வாயை மூட வேண்டும். இரண்டு முனைகளையும் பக்கவாட்டில் இழுத்தால் வட்டம் கெட்டுவிடும். ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் திருப்ப வேண்டும். வெள்ளிக் கம்பி கொஞ்சம் திரும்பி வரும் குணம் உள்ளது. அதனால் முனைகள் சேரும் இடத்தைத் தாண்டித் தள்ளி, பிறகு விட வேண்டும். முடியளவு இடைவெளி இருந்தாலும், வாயை ஒட்டவைக்க உருக்கும் உலோகப் பொடியான பற்றுப்பொடி அங்கே நிற்காது. அது சந்துக்குள் ஓடுமே தவிர, ஓட்டையை அடைக்காது.

இதில் கடினமான வேலை பற்றவைப்பதுதான். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக வேகமாகக் கடத்துவது வெள்ளி. ஒரு வளையத்தில் தீ பட்டால் பக்கத்து வளையமும் உடனே சூடேறும். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்பு கலந்த வெள்ளி அதற்கு முன்பே இளக ஆரம்பித்துவிடும். வெங்காரம் சேர்த்த பற்றுப்பொடி உருகுவதற்கும் வளையமே உருகுவதற்கும் நடுவில் அதிக தூரம் இல்லை. ஒரு நொடி தாமதித்தால் பொடி அடுத்த வளையத்துக்கும் ஓடி இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கொலுசு அந்த இடத்தில் மடங்காமல் விறைத்து நிற்கும். வாங்கும்போது விரலில் சுற்றிப் பாருங்கள், விறைப்பு உடனே கைக்குத் தெரியும்.

25 செ.மீ. கொலுசில் உள்விட்டம் 2 மி.மீ. வளையம் என்றால் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 125 வளையம். மூன்று வரிசை வைத்த ஜோடிக்கு 750. அத்தனையும் மூடி, அத்தனையும் தீயில் காட்டியது. ஆனால் கடையில் செய்கூலி போடுவதோ கிராமுக்கு. கம்பி மெலிய மெலிய வேலை கூடும், கிராம் கூடாது. கையால் செய்பவர்களை இந்தக் கணக்குதான் அடிக்கிறது.

மெஷின் இதை வேறு விதமாகச் சமாளிக்கிறது. கம்பியை வளைத்து, மாட்டி, மூடுவது எல்லாம் ஒரே ஓட்டத்தில் நடக்கும். பிறகு சங்கிலியை எண்ணெயும் பற்றுப்பொடியும் சேர்த்து நனைத்து, டால்க் பவுடரில் புரட்டுவார்கள். வெளியே ஒட்டிய பொடி போய்விடும், சந்தில் புகுந்தது மட்டும் தங்கும். அப்படியே உலைக்குள் அனுப்பினால் எல்லா வளையமும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். கெட்டிக்காரத்தனமான வழி, மறுக்க முடியாது.

சரி, பிறகு ஏன் கைவேலை? என்னைப் பொறுத்தவரை ஒரே காரணம், அறுந்தால் என்ன செய்வது என்பதுதான். கொலுசு கழுத்துச் சங்கிலி மாதிரி சும்மா தொங்குவதில்லை. பாவாடை விளிம்பில் மாட்டும், கட்டில் காலில் இழுபடும், வளையமும் வளையமும் ஒரே இடத்தில் உரசித் தேயும். 0.8 மி.மீ. கம்பியும் 0.4 மி.மீ. கம்பியும் பார்வைக்குப் பாதிதான் வித்தியாசம். குறுக்குவெட்டில் மெல்லியது நாலில் ஒரு பங்குதான். கனமான கைவேலைக் கொலுசில் ஒரு வளையம் போனால், பத்தர் குறடால் அதை எடுத்துவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டிப் பற்றவைத்துக் கொடுத்துவிடுவார். மெல்லிய மெஷின் சங்கிலியில் அதே தீ பக்கத்து வளையங்களையும் சாய்த்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி அறுந்த ஒன்றுக்கு நடுவில் பெரிய வளையம் போட்டுத்தான் வந்தது. அப்புறம் வேறு இடத்தில் அறுந்தது. எல்லாம் ஒரே அளவு மெலிசு, ஒரே அளவு தேய்மானம். கடைசியில் கடைக்காரர் சொன்னது, “மாத்திக்கோங்கம்மா.”

மாற்றுவது என்றால் கொடுத்த செய்கூலி திரும்ப வராது, சேதாரமும் கழியும். இந்த இடத்தில் கைவேலைக்கும் ஒரு குறை உண்டு. பற்று அதிகம் வைத்த கொலுசை உருக்கினால் டச், அதாவது நூற்றுக்கு எத்தனை பங்கு சுத்த வெள்ளி என்ற கணக்கு, இறங்கும்; கம்பி 92.5 என்பதால் மொத்தக் கொலுசும் 92.5 ஆகிவிடாது. தங்கம்போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமும் இல்லை. எந்த டச் என்பதைப் பில்லில் எழுதி வாங்குவது நல்லது.

பற்றே வைக்காமல் வளையங்களை நெருக்கமாகப் பின்னும் செயின்மெயில் நகைகளும் இப்போது கிடைக்கின்றன. போர்க்கவசப் பின்னலிலிருந்து வந்த வகை. பைசண்டைன் போன்ற பின்னலில் பாரம் பல வளையங்களுக்குப் பகிரும், பழுது பார்க்கத் தீயே வேண்டாம், இரண்டு குறடு போதும். கைக்கு அழகு. காலுக்கு நான் வாங்க மாட்டேன். மாட்டி இழுபட்டால் வெள்ளி வளையத்தின் வாய் திறந்துவிடும்.

லேசரில் பற்றவைத்த கனமான மெஷின் சங்கிலிகள் இன்னும் உறுதியாக இருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் போட்டுப் பழகவில்லை, அதனால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

ஒரு வயதுக் குழந்தைக்கு என்றால் மெஷின் கொலுசையே வாங்குங்கள். தேய்வதற்கு முன்னால் கால் வளர்ந்துவிடும். எதை வாங்கினாலும் கொக்கிப் பக்கம் கூடுதலாக நாலைந்து வளையம் வைத்துத் தரச் சொல்லுங்கள்.