லீன் ஓடும் பழைய பிக்கப்: ஏர் லீக்கா, பெட்ரோல் பற்றாக்குறையா, சென்சார் சொல்லும் பொய்யா?

நம்மூரில் ட்ரக் என்றால் டீசல் லாரி. டீசல் இன்ஜின் எப்போதுமே தேவைக்கு மேல் காற்றை இழுத்துக்கொண்டுதான் ஓடும் என்பதால் ‘லீன்’ என்ற பேச்சே அங்கே எழாது. அமெரிக்காவில் பலர் வைத்திருக்கும் ட்ரக் பெட்ரோலில் ஓடும் பிக்கப். எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதுதான் அதற்குச் சரியான கலவை. காற்று கூடினாலோ பெட்ரோல் குறைந்தாலோ லீன். சிக்னலில் நிற்கும்போது நடுக்கம், ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் ஒரு திணறல். பிக்கப் வண்டியில் பிக்கப் இருக்காது.

என்னிடம் இருப்பது 2001 மாடல் வி8, அதாவது பக்கத்துக்கு நான்காக எட்டு சிலிண்டர். செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. ஸ்கேனர் காட்டிய கோளாறு எண் (கோடு) பி0171, பி0174. இன்ஜினின் இரண்டு பக்கமும் லீன் என்று அர்த்தம். கொண்டுபோய்க் காட்டிய ஒர்க்‌ஷாப்பில் ஆக்ஸிஜன் சென்சார் நான்கையும் மாற்றிவிடலாம் என்றார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. ‘புகையில் ஆக்ஸிஜன் அதிகமாக இருக்கிறது’ என்று சொல்வதுதான் அந்த சென்சாரின் வேலை. சேதி கொண்டுவந்தவனை மாற்றினால் சேதி மாறிவிடுமா? அதுவும் இரண்டு பக்க சென்சாரும் ஒரே வாரத்தில் சேர்ந்து கெட்டுப்போவது அபூர்வம். இரண்டு பக்கமும் லீன் என்றால், இரண்டுக்கும் பொதுவான ஒன்றில்தான் கோளாறு: ஏர் லீக், பெட்ரோல் பற்றாக்குறை, அல்லது காற்றை அளக்கும் மாஃப் சென்சார்.

இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது ஃப்யூவல் ட்ரிம் என்ற எண். 1996 மாடலிலிருந்து அங்கே விற்ற, அதிக எடை வகையைச் சேராத பிக்கப்புகளில் ஸ்கேனர் மாட்டும் ஓ.பி.டி-2 சாக்கெட் இருக்கும். சாதாரண ஸ்கேனரே போதும். கலவை லீனாகத் தெரிந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டுகிறது என்பதே ட்ரிம். பத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இருபதைத் தாண்டிப் போகும்போது விளக்கு எரியும். குறுகியகால ட்ரிம் (அந்த நொடித் திருத்தம்), நீண்டகால ட்ரிம் (கம்ப்யூட்டர் பழகிவைத்திருக்கும் திருத்தம்) இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

அந்த எண்ணை ஐட்லிங்கில் (ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) ஒரு தடவை, 2500 ஆர்.பி.எம்மில் ஒரு தடவை பாருங்கள். என் வண்டியில் ஐட்லிங்கில் +26. ரேஸ் கொடுத்ததும் +7-க்கு இறங்கியது. இது ஏர் லீக்கின் கையெழுத்து. கணக்கு எளிது. ஐட்லிங்கில் மாஃப் வழியாக நொடிக்கு 5 கிராம் காற்று போகிறது, அதைத் தாண்டி ஒரு வெடிப்பு வழியாக 1.25 கிராம் அளக்கப்படாமல் திருட்டுத்தனமாக நுழைகிறது என்று வையுங்கள். அது கால் பங்கு. ரேஸ் கொடுத்து 20 கிராம் போகும்போது அதே 1.25 கிராம் வெறும் 6 சதவீதம். அதுவும் சுமையோடு ஓட்டி த்ராட்டிலை (காற்றுக் கதவை) அகலத் திறந்தால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் வேக்கமே (உறிஞ்சும் வெற்றிடம்) குறைந்துவிடும். ஓட்டை இழுப்பதும் குறையும்.

ஏர் லீக்தான் என்று தெரிந்த பிறகு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழி. கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே) டப்பாவை எடுத்து டியூப் இணைப்புகளிலும் மேனிஃபோல்டு ஓரங்களிலும் பீய்ச்சி, ஆர்.பி.எம் ஏறுகிறதா என்று பார்ப்பது பழைய வழி. செலவே இல்லை. ஆனால் சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் எரியக்கூடிய திரவத்தைத் தெளிக்கிறோம். தீயணைப்பான் இல்லாமல் செய்யாதீர்கள். எனக்கு அது உதவவும் இல்லை, ஸ்ப்ரே பின்பக்கம் வரை எட்டவில்லை. இன்னொரு வழி ஸ்மோக் டெஸ்ட்: இன்ஜினை ஆஃப் செய்து, ஒரு பி.எஸ்.ஐ-க்கும் (அழுத்த அளவு) குறைந்த அழுத்தத்தில் இன்டேக்குக்குள் (காற்று உள்ளே போகும் பாதை) புகையை ஏற்றுவது. கருவி விலைதான் என்றாலும் ஐந்தே நிமிடத்தில் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் இடையிலான தடுப்பு) ஓரத்திலிருந்து மெல்லிய புகை எழுந்தது. கையை விட்டுத் தடவினேன். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி டியூபின் ரப்பர் எல்போ (வளைவு), ஆயில் ஆவி பட்டுப் பட்டு அல்வா மாதிரி ஆகியிருந்தது. அடிப்பக்கம் விரல் நுழையும் கிழிசல். மேலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. புது எல்போ போட்ட பிறகு ஐட்லிங் ட்ரிம் +4. இருபது வருடம் கடந்த வண்டியில் ஸ்ப்ரேயை விட ஸ்மோக்குக்கே என் ஓட்டு.

ட்ரிம் எதிர்த்திசையில் போனால், அதாவது ஐட்லிங்கில் ஒழுங்காக இருந்து ரேஸிலும் மேட்டிலும் ஏறினால், கதை வேறு. இங்கே மாஃபும் பெட்ரோல் பற்றாக்குறையும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஸ்கேனரில் பார்த்தால் இரண்டும் ஒரே முகம். அழுக்குப் பிடித்த மாஃப் கம்பி வரும் காற்றைக் குறைத்துச் சொல்லும், கம்ப்யூட்டர் அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைத்துவிடும். பம்ப் சோர்ந்தாலோ ஃபில்டர் அடைத்தாலோ கேட்ட பெட்ரோல் வந்து சேராது. இரண்டிலும் ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதிக்கும்போது 0.8, 0.9 வோல்ட் காட்ட வேண்டிய ஆக்ஸிஜன் சென்சார் 0.2-க்குச் சரியும்.

நான் முதலில் மாஃபைத்தான் கழற்றுவேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே ஒரு டப்பா போதும். கம்பியைத் துணியால் தொட்டுவிடாதீர்கள். சூடான இன்ஜின் ஐட்லிங்கில், இன்ஜின் எத்தனை லிட்டரோ நொடிக்குக் கிட்டத்தட்ட அத்தனை கிராம் காற்றை மாஃப் காட்ட வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் குத்துமதிப்பு. 5.4 லிட்டர் இன்ஜினில் 3 கிராம் காட்டினால் சந்தேகப்படலாம். ஐட்லிங்கில் சரியாகச் சொல்லிவிட்டு ரேஸில் பொய் சொல்லும் மாஃபும் உண்டு என்பதால், அதோடு நிறுத்தாமல் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜையும் மாட்டிவிடுவது நல்லது. அப்போது கையில் அந்த வண்டிக்கு உரிய எண் இருக்க வேண்டும். 1990களின் கடைசியில் வந்த செவ்ரோலே வோர்டெக் 5.7-க்கு 60 முதல் 66 பி.எஸ்.ஐ வேண்டும். அதில் 50 என்றாலே நோய். வேறு வண்டியில் அதே 50 தாராளம்.

ஒரு பக்கம் மட்டும் லீன் கோடு வந்தால் எக்ஸாஸ்டைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போல்ட் ஒன்று முறிந்திருந்தாலும் போதும், சென்சாருக்கு முன்னால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். கலவை சரியாகவே இருக்கும், சென்சார் மட்டும் லீன் என்று சாதிக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் அதுதான். மிஸ் அடிக்கும் (சரியாக எரியாத) சிலிண்டரும் இதே பொய்யைச் சொல்ல வைக்கும், எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வருவதால்.

சரி, 1996-க்கு முந்தின வண்டி? 1987 முதல் 1995 வரையான செவ்ரோலே டி.பி.ஐ (த்ராட்டில் வாயிலேயே பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வி8 பிக்கப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டில் ஏ, பி பின்களை ஒரு கம்பியால் இணைத்தால் செக் இன்ஜின் விளக்கு கண் சிமிட்டியே கோடு சொல்லும். 44 என்றால் லீன். அங்கே மேலே சொன்ன வரிசை அப்படியே செல்லாது. அந்த இன்ஜினில் மாஃப் கிடையாது. மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்துத்தான் காற்றைக் கணக்கிடும். ஓட்டை வழியாக வந்த காற்றும் அந்த அழுத்தத்தில் சேர்ந்துவிடுவதால் கம்ப்யூட்டர் தானாகவே பெட்ரோலையும் சேர்த்துவிடும். ஏர் லீக் இருந்தால் லீனாவதைவிட ஐட்லிங் எகிறுவதுதான் வழக்கம். அதனால் கோடு 44 வந்து ஐட்லிங் இயல்பாக இருந்தால், புகை போடுவதற்கு முன் பிரஷர் கேஜ்தான். தேவையே 9 முதல் 13 பி.எஸ்.ஐ என்பதால் இரண்டு மூன்று குறைந்தாலே இன்ஜின் பட்டினி கிடக்கும். முள்ளின் அசைவு தெரிய 0–15 கேஜ் வாங்குங்கள். 100 வரை போகும் கேஜில் 9-க்கும் 11-க்கும் வித்தியாசம் கண்ணுக்கே படாது.