முயலுக்கு எது: மெதுவாகப் போகும் .22-ஆ, பறந்து போகும் .17-ஆ?

நான் வேலை பார்க்கும் திராட்சைத் தோட்டம் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், சென்ட்ரல் ஒடாகோவில், க்ரோம்வெல் பக்கம் இருக்கிறது. இங்கே முயலைப் பார்த்து யாரும் கொஞ்சுவதில்லை. புதிதாக நட்ட கொடியின் பட்டையை ஒரே ராத்திரியில் சுற்றிக் கடித்து வைத்துவிடும், அப்புறம் அந்தக் கொடி அவ்வளவுதான். 1997-இல் யாரோ சட்டவிரோதமாக முயல் வைரஸைக் கொண்டுவந்து பரப்பினார்கள், 2018-இல் அதிகாரப்பூர்வமாகவே வேறொரு ரகத்தை விட்டார்கள், இரண்டிலும் தப்பியவை குட்டி போட்டுக்கொண்டே இருக்கின்றன. ஈஸ்டருக்கு அலெக்சாண்ட்ராவில் முயல் வேட்டைப் போட்டியே நடக்கும். ஆக, வாரத்தில் இரண்டு ராத்திரி துப்பாக்கியும் கையுமாகச் சுற்றுவது என் வேலையில் சேர்த்தி.

என்னிடம் இப்போது இரண்டு துப்பாக்கிகள் இருக்கின்றன (.22, .17 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்): சப்சோனிக், அதாவது ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டா போடும் ஒரு .22, எச்எம்ஆர் என்ற வேகத் தோட்டா போடும் ஒரு .17. இரண்டும் போல்ட் இழுத்துச் சுடுவது, இரண்டிலும் சைலன்சர். அமெரிக்காவில் சைலன்சருக்கு 1934 முதல் 200 டாலர் வரி இருந்தது, 2026 ஜனவரியில்தான் அது பூஜ்யமானது, பதிவு செய்யும் வேலை இன்னும் இருக்கிறது. இங்கே துப்பாக்கி லைசென்ஸ் வாங்குவதுதான் பெரிய வேலை, சைலன்சர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும்.

சினிமாவில் வில்லன் சைலன்சர் மாட்டிச் சுட்டால் 'பிச்' என்று ஒரு சத்தம் வருமே, அதை மறந்துவிடுங்கள். குழலின் வாயில் வெடிக்கும் வாயுவின் சத்தத்தைத்தான் சைலன்சர் அடக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்கின மாதிரி 'பட்டீர்' என்று ஒரு சத்தம் வரும், அதை எந்த சைலன்சராலும் ஒன்றும் செய்ய முடியாது. .17 குண்டு நொடிக்கு 775 மீட்டர் போகிறது, சொடுக்கு நிச்சயம். என் .22 சப்சோனிக் 320 மீட்டர், ஒலியைவிடக் கொஞ்சம் கீழே. அதைச் சுடும்போது முதலில் துப்பாக்கியின் ஊசி தோட்டாவைத் தட்டுகிற 'டிக்', அடுத்து குண்டு போய்த் தைக்கிற சத்தம், ஈரத்துணியைத் துவைக்கிற கல்லில் ஒருமுறை அடித்தது போல. பக்கத்து முயல் காதைத் தூக்கிப் பார்க்கும், மறுபடி மேய ஆரம்பிக்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து நான்கு, ஐந்து எடுத்திருக்கிறேன். .17-இல் முதலாவது விழுந்ததும் மற்றதெல்லாம் புதருக்குள். தோட்டத்தைச் சுற்றி வீடுகள் வேறு வந்துவிட்டன, ராத்திரி பதினோரு மணிக்கு நாய்கள் குரைக்காமல் இருப்பதற்கே .22-க்கு ஒரு கும்பிடு.

விலையிலும் .22 தோட்டாதான் மலிவு, வித்தியாசம் நன்றாகவே தெரியும். கறி வேண்டுமென்றாலும் அதுதான், .17 குண்டு உள்ளே போய்ச் சிதறித் தோள்பட்டையை நாசம் செய்துவிடும்.

சரி, பிறகு ஏன் எல்லோரும் சப்சோனிக்கே வாங்கிக்கொண்டு போவதில்லை? தூரம். இந்த ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆக வேண்டும்.

என் .22-ஐ 50 மீட்டரில் குறி வைத்த இடத்திலேயே படும்படி சரிசெய்து வைத்திருக்கிறேன். 60 மீட்டரில் குண்டு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் கீழே இறங்கும், அது பரவாயில்லை. 75-இல் நான்கு விரல் அளவு. 100-இல் ஒரு சாணுக்கு மேல். முயல் தலையில் குறி வைக்க வேண்டிய இடம் ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லை. 70 மீட்டரில் இருப்பதாக நினைத்த முயல் 80-இல் இருந்தால், அந்தப் பத்து மீட்டருக்கே குண்டு ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கிவிடும், குறி தலையில், படுவது தாடையில். பகலில் பத்து மீட்டரைக் கண்ணால் மதிப்பிட்டுவிடலாம். ராத்திரி, டார்ச் வெளிச்சத்தில், காட்டுத் தைம் செடி மூடிய சரிவில், இரண்டு கண் மட்டும் பளபளக்கிறபோது எவனாலும் முடியாது. என்னாலும் முடியவில்லை. முதல் வருஷம் 65 என்று நினைத்துச் சுட்ட ஒன்று அடிபட்டு, இழுத்துக்கொண்டே வளைக்குள் போய்விட்டது. அரை மணி நேரம் வளை வாயில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வெளியே வரவில்லை. மறுநாள் போய் காலடி எண்ணிப் பார்த்தால் எண்பதைத் தாண்டியது. அந்த வாரமே தூரம் அளக்கும் லேசர் கருவி ஒன்று வாங்கினேன், சைலன்சரைவிட அதிக விலை. இப்போது கருவி 60-க்கு மேல் காட்டினால் .22-ஐத் தொடுவதில்லை.

.17-இல் இந்தத் தலைவலியே இல்லை. 100 மீட்டருக்குச் சரிசெய்துவிட்டால் 25-இலிருந்து 110 வரை நேராகத் தலையில் வைத்து அழுத்தலாம், மேலே கீழே இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். குண்டின் ஆற்றலும் .22-ஐப் போல இரண்டரை மடங்கு, 330 ஜூல் பக்கம். காற்றடித்தால் மட்டும் அந்தப் பொடிக்குண்டு பக்கவாட்டில் ஓடும்.

'அப்படியென்றால் .22-லேயே வேகத் தோட்டா போட்டால் என்ன?' என்று ஒரு கேள்வி வரும். நானும் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 375 மீட்டரில் கிளம்பும் அது காற்றில் சீக்கிரமே வேகம் இழந்துவிடுகிறது, 100 மீட்டரில் சப்சோனிக்கைவிட மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான் குறைவாக இறங்கும். அதற்காக அந்தச் சொடுக்கை வாங்கிக் கட்டிக்கொள்வதா? இந்த வேலைக்கு அதை வாங்காதீர்கள்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தையும் பாருங்கள். 'ஸ்டாண்டர்டு' என்று விற்பதில் சில நொடிக்கு 326 மீட்டர் வரை போகும். கோடையில் பிரச்சினை இல்லை. இங்கே ஜூலை ராத்திரியில் உறைபனி விழும்போது, பூஜ்யம் டிகிரியில் ஒலியின் வேகமே 331-க்கு இறங்கிவிடுகிறது, இன்னும் குளிர்ந்தால் அதற்கும் கீழே. தோட்டாவுக்குத் தோட்டா வேகம் கொஞ்சம் மாறும் என்பதால், அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று ஒன்று மட்டும் சொடுக்கும்.

.22-இன் இன்னொரு குறை, குண்டு தெறிப்பது. மெதுவாகப் போகும் ஈயக் குண்டு சிதறாமல், பாறையில் பட்டு 'ங்ங்' என்று முனகிக்கொண்டே எங்கோ போகும். ஒடாகோ மண்ணில் பாதி பாறை. பின்னால் மண்மேடு இல்லாமல் சுடவே மாட்டேன், சத்தம் வரவில்லை என்பதால் ஆபத்தும் இல்லை என்று தோன்றிவிடுவதுதான் இதில் பெரிய சிக்கல். .17 பெரும்பாலும் பட்ட இடத்திலேயே உடைந்துவிடும்.

பராமரிப்பிலும் .22 படுத்தும். ஈயமும் கரியும் சைலன்சருக்குள் அடையடையாய்ப் படியும், கையில் எடுத்தாலே கனம் கூடியது தெரியும். அதனால் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். நான் ஒருமுறை சோம்பலில் ஒரு குளிர்காலம் முழுக்க விட்டுவிட்டேன், உள்ளே இருக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மரக்கட்டையை வைத்துத் தட்டித்தான் வெளியே எடுத்தேன். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், அது ஈயத்தூள்.

பெரிய மிருகத்துக்குச் சப்சோனிக் வேண்டுமென்றால் .300 பிளாக்அவுட் என்ற பெரிய தோட்டா போடும் துப்பாக்கி இருக்கிறது. நண்பனுடையதை இரண்டே முறை சுட்டிருக்கிறேன், ஒரு காட்டாடு, 40 மீட்டரில், நின்ற இடத்திலேயே விழுந்தது. இதை வைத்துத் தீர்ப்பு சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. ஆனால் கணக்கு எனக்குப் பிடிக்கவில்லை: கனமான 220 கிரெயின் (14 கிராம் பக்கம்) குண்டு, அதன் ஆற்றல் 680 ஜூல்தான், சாதாரண .223 ரைபிள் தோட்டாவில் பாதிகூட இல்லை. வேகக் குண்டுக்காகச் செய்த முனை இந்த வேகத்தில் விரியவும் விரியாது, இதற்கென்றே செய்ததைத் தேடி வாங்க வேண்டும். மானுக்கு நான் எடுக்க மாட்டேன். நண்பன் எடுப்பான், அவன் 50 மீட்டர் வரை ஊர்ந்து போகிறவன்.

போன மாதம் அவனே என் .17-ஐ விலைக்குக் கேட்டான். பத்து ராத்திரியில் எட்டு ராத்திரி அது பெட்டகத்திலேயேதான் கிடக்கிறது, கொடுத்திருக்கலாம். ஆனால் தோட்டத்தின் மேல் வரிசைக்கு எதிரே ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு மேடு, கருவி 105 காட்டுகிறது, அங்கே ஒரு கிழட்டு ஆண் முயல் என் .22-ஐப் பற்றி எல்லாம் தெரிந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது.