வீட்டில் 10 மீட்டர்: குறி பழக ஏர் கன் வாங்கி நாள்பட ஓட்டினால் தெரிய வருவது

கடையில் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை அடி வேகம் போகுங்க?" என்றுதான். வீட்டில் குறி பழக வாங்குகிறவர் இதைக் கடைசியாகக் கேட்டால் போதும். 10 மீட்டர் போட்டிக்கென்றே செய்யப்படும் ரைஃபிள்கள் 0.53 கிராம் பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) நொடிக்கு 170 மீட்டர் அளவில்தான் தள்ளுகின்றன. கிராமை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 2000-ஆல் வகுத்தால் துப்பாக்கியின் பலம் ஜூல் கணக்கில் கிடைக்கும். கணக்குப் போட்டால் 8 ஜூல்கூட வராது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றது இந்தப் பிரிவில்தான்.

170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் 10 மீட்டர் தூரத்தில் சுமார் 17 மி.மீ. கீழே இறங்கும். 250 மீட்டர் வேகத்தில் போனால் 8 மி.மீ. இறங்கும். கூடுதல் வேகம் மிச்சப்படுத்துவது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதைக் குறிக்கட்டையின் (குழல்மேல் குறி பார்க்கும் பாகத்தின்) திருகைத் திருப்பியே சரிசெய்துவிடலாம். ஆனால் அந்த வேகத்துக்காகப் போடும் கனத்த ஸ்பிரிங் ஒவ்வொரு தடவை குழலை மடக்கும்போதும் கையை வாங்கும், சுடும்போது கட்டையை (தோளில் அணைக்கும் மரப்பகுதியை) உதறும், திருகுகளைத் தளர்த்தும், டெலஸ்கோப்பைக் கெடுக்கும். இரண்டு மூன்று வருடம் ஓடிய துப்பாக்கிகளில் காணும் பழுதில் பெரும்பகுதி இந்தத் தேவையற்ற பலத்தால் வருவதுதான். பெட்டியில் அச்சடித்திருக்கும் வேகமும் பெரும்பாலும் மிக லேசான பெல்லட்டில் அளந்தது. ஈயப் பெல்லட் போட்டால் அது வராது.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 4.5 மி.மீ. குழலும் (0.177 அங்குலம்) 20 ஜூலுக்கு மேற்படாத பலமும் இருந்தால் லைசன்ஸ் தேவையில்லை. 0.53 கிராம் பெல்லட் 275 மீட்டரைத் தொட்டாலே 20 ஜூல் ஆகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். 5.5 மி.மீ. வாங்கினால் லைசன்ஸ் வேண்டும். வயதுக்கும் முகவரிக்கும் சான்று கொடுத்து, மாடலும் வரிசை எண்ணும் எழுதிய பில் வாங்கி, அதன் நகலைத் துப்பாக்கிப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். பட்டறையில் கொடுத்து ஸ்பிரிங்கை மாற்றிப் பலம் கூட்டினால் அந்த வரம்பைத் தாண்டிவிடக்கூடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் கொங்குப் பக்கம் கடலைக்காட்டிலும் சோளக்காட்டிலும் மயில் இறங்கி மேய்வது தினசரித் தொல்லை. அதற்காக ஏர் கன் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் அந்த யோசனையை விட்டுவிட வேண்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மயில் முதல் அட்டவணையில் இருக்கிறது, அடித்தால் சிறைதான். லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி என்பதால் அதில் எந்தச் சலுகையும் கிடையாது.

இனி வகைகள். குழலை முறித்து மடக்கும் ஸ்பிரிங் ரகம்தான் வீட்டுக்கு முதல் தேர்வு. வெளியிலிருந்து காற்றோ கேஸோ வேண்டாம், பழுது பார்ப்பதும் எளிது. மகாராஷ்டிரத்தின் பிரிசிஹோல் போன்ற நம் நாட்டு நிறுவனங்களே இப்போது நல்ல ரைஃபிள்கள் செய்கின்றன. அவர்களிடமும் பலம் குறைந்த மாடலைக் கேளுங்கள். ஜெர்மனியின் வைராக் எச்.டபிள்யூ.30 இந்த அளவுக்கு நல்ல எடுத்துக்காட்டு: 7 ஜூலை ஒட்டிய பலம், மடக்க லேசு, இரண்டு கட்டமாக இழுபடும் அருமையான ட்ரிக்கர். ஸ்பிரிங்குக்குப் பதில் கேஸ் அடைத்த உருளை இருக்கும் ரகத்தில் அதிர்வு குறையும், கிணுங்கும் சத்தம் இருக்காது. ஆனால் மடக்க அதிகம் இறுகும், கேஸ் கசிந்தால் உருளையையே மாற்ற வேண்டும்.

கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் பிஸ்டல் கைக்குச் சுகம். ஆனால் குப்பியின் அழுத்தம் வெயிலோடு ஏறும், குளிரோடு இறங்கும். சித்திரை மதியம் ஈரோட்டில் குறி சரிபார்த்த பிஸ்டலை மார்கழிக் காலையில் ஊட்டிக்குக் கொண்டுபோனால் அடி கீழே விழும். ஒரே இடத்திலும் விறுவிறுவென்று பத்துச் சுட்டால் குப்பி குளிர்ந்து வேகம் குறையும். துல்லியமாகப் பழக இது உதவாது.

முன்கூட்டியே காற்றை அழுத்தி நிரப்பும் பி.சி.பி. ரகத்தில் உதறல் கிட்டத்தட்ட இல்லை. போட்டிக்குத் தயாராகிறவர்கள் கடைசியில் வந்து சேர்வது இதில்தான். 200 பார் அழுத்தம் வரை கைப்பம்பில் காற்றை ஏற்ற உடம்பில் தெம்பு வேண்டும், கடைசிப் பத்துப் பதினைந்து இழுப்பு முழு உடல் எடையும் கேட்கும். பம்பில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி அவசியம். இல்லாவிட்டால் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று சிலிண்டருக்குள் தண்ணீராக நின்று உள்ளே துரு பிடிக்கும். கோவையில் தெருவுக்குத் தெரு வெல்டிங் பட்டறையும் ஆக்சிஜன் சிலிண்டரும் இருப்பதால் சிலருக்கு ஒரு விபரீத யோசனை வருகிறது. பி.சி.பி. துப்பாக்கியில் ஆக்சிஜனை ஏற்றவே கூடாது. உள்ளே இருக்கும் துளி கிரீஸ் போதும், வெடித்துவிடும்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க வேண்டியது மூன்று. கட்டையின் பின்நுனியை முழங்கை மடிப்பில் வைத்தால் ஆட்காட்டி விரல் சிரமமில்லாமல் ட்ரிக்கருக்கு எட்ட வேண்டும். பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் பழகுவதாக இருந்தால் இதுவே பெரிய வேறுபாட்டைத் தரும். அடுத்து, பத்து முறை மடக்கிப் பாருங்கள். கடையில் சுட விடமாட்டார்கள் என்றால் குழலைக் கையால் பிடித்தபடியே ஸ்பிரிங்கை மெதுவாக இறக்கித் தரச் சொல்லுங்கள். போட்டியில் தகுதிச் சுற்றுக்கு 60 சுட வேண்டும். பத்திலேயே மூச்சு வாங்கினால் அந்தத் துப்பாக்கி ஒரு மாதத்தில் பரணுக்குப் போய்விடும். மூன்றாவது, குறிக்கட்டை. 10 மீட்டருக்குத் துளைவழிப் பார்க்கும் குறிக்கட்டையோ நல்ல திறந்த குறிக்கட்டையோ போதும்.

டெலஸ்கோப் வேண்டுமென்றால் ஏர் கன்னுக்கென்று செய்ததையே வாங்குங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி முதலில் பின்னாலும் பிறகு முன்னாலுமாக இரண்டு திசையில் உதறும். பெரிய துப்பாக்கிக்கான டெலஸ்கோப் ஒரே திசை உதைக்குத்தான் தாங்கும். இதில் மாட்டினால் உள்ளே குறுக்குக்கோடு ஆட ஆரம்பிக்கும். முன்கண்ணாடியைத் திருப்பி 10 மீட்டருக்குத் தெளிவு செய்ய முடிய வேண்டும். கால் எம்.ஓ.ஏ. க்ளிக் (எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) உள்ளதில் 10 மீட்டரில் ஒரு க்ளிக்குக்கு அடி நகர்வது 0.7 மி.மீ. மட்டுமே. 3 செ.மீ. இடதில் அடித்தால் நாற்பது க்ளிக் திருப்ப வேண்டும் என்பது தெரியாமல், நாலு க்ளிக் திருப்பிவிட்டு டெலஸ்கோப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்கள் நிறைய.

இடம் 33 அடி நீளம் வேண்டும். தோட்டத்துச் சாளைத் தாழ்வாரம், ஓடாமல் கிடக்கும் தறிக்கூடம், நெடிய ஹால் எதுவானாலும் சரி, சுடும் கோட்டுக்கும் குறிக்கும் நடுவில் கதவு எதுவும் திறக்கக் கூடாது. மொட்டை மாடி வேண்டாம். குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் போகும். வெட்டவெளியும் ஆகாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலையைச் சுற்றும் வேகத்தில் வீசும்போது அரை கிராம் பெல்லட் நேராகப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. போட்டி ரைஃபிள் அட்டையில் கருவட்டம் 30.5 மி.மீ., நடுவில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி, மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர். வீட்டில் 5 மீட்டர்தான் இருக்கிறதென்றால் அட்டையைப் பாதி அளவுக்குச் சுருக்கி அச்செடுத்துப் பழகலாம்.

பெல்லட்டைத் தாங்கும் பெட்டிக்கு நம் ஊரில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 30 செ.மீ. சதுரத்தில் 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை லேத் பட்டறையில் வெட்டி வாங்கி, மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சாயும்படி 45 டிகிரியில் மரப்பெட்டிக்குள் பொருத்துங்கள். பட்ட பெல்லட் கீழே திரும்பும். அதன் முன்னால் ஓர் அடி ஆழத்துக்குத் திருப்பூர் பனியன் வேஸ்ட் துணியை இறுக்கித் திணித்தால் சத்தமும் அடங்கும், ஈயத் துகளும் பறக்காது. தென்னைநார்க் கழிவை நிரப்புவது நல்லதல்ல. அது தூசாகப் பறக்கும், ஈயம் கலந்தபின் வயலில் கொட்டவும் முடியாது. துணியை மாதம் ஒருமுறை கிளறி ஈயத்தை எடுக்காவிட்டால் நடுவில் கட்டியாகி, அதில் பட்ட பெல்லட் திரும்பி வரும். எடுத்த ஈயத்தைத் தனி டப்பாவில் சேர்த்துப் பழைய உலோகக் கடையில் போடலாம். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. கண்ணாடி அணியாமல் சுடவும் கூடாது.

பெல்லட்டில் தட்டைமுனை வகைதான் அட்டையில் வட்டமாகத் துளை போடும், புள்ளி எண்ணச் சுலபம். எந்தப் பெல்லட் எந்தக் குழலுக்குச் சேரும் என்பதைச் சுட்டுத்தான் அறிய முடியும். மூன்று வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கி, துப்பாக்கியை ஒரு தாங்கலில் வைத்து, ஐந்தைந்தாகப் பத்து அட்டை சுடுங்கள். ஒன்றுக்கொன்று மிகத் தள்ளியிருக்கும் இரண்டு துளைகளின் வெளிவிளிம்புகளுக்கு இடையே அளந்து 4.5 மி.மீ. கழித்தால் அந்தத் துளைக் கூட்டத்தின் அளவு; அது சிறியதாக வரும் பெல்லட்டே சேரும். எஃகு உருண்டைகளை வரிக்குழலில் (உள்ளே சுருள் வரி வெட்டிய குழலில்) போடவே கூடாது, வரிகளைத் தேய்த்துவிடும். இரும்பில் பட்டால் நேரே முகத்துக்குத் திரும்பும்.

வாங்கிய முதல் சில நூறு சுடுதலில் புகையும் எரிந்த வாசமும் வரும். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் உள்ளே அழுத்தத்தில் எரிவதுதான் காரணம், தானே நிற்கும். நிற்காமல் 'டம்' என்று வெடித்தால் யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள். தறி ஓடும் ஊர்களில் ஸ்பிண்டில் ஆயில் வீட்டுக்கு வீடு இருக்கும், கை தானாக அதற்குப் போகும். காற்று அழுத்தும் அறைக்குள் ஒரு துளிகூட விடாதீர்கள். பிஸ்டன் சீல் கருகிவிடும். மடக்கும் கீலுக்கும் ஸ்பிரிங்குக்கும் மாலிப்டினம் கிரீஸை மெல்லிசாகப் பூசினால் போதும். பெல்லட் இல்லாமல் சுட்டாலும் பிஸ்டன் நேரே மோதிச் சீல் உடையும்.

குறி திடீரென்று அங்குமிங்கும் சிதறினால் குறிக்கட்டையைத் தொடாதீர்கள். முதலில் கட்டைத் திருகுகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான். நூறு சுடுதலுக்கு ஒருமுறை இறுக்கிப் பார்த்து, நீலநிற திருகுப் பசை ஒரு துளி விட்டால் நிற்கும். திருகு சரியாக இருந்தும் அடி கீழே இறங்கிக்கொண்டே வந்தால் காற்று கசிகிறது அல்லது ஸ்பிரிங் சோர்கிறது. துப்பாக்கியைப் பெல்லட் தாங்கும் பெட்டிக்கு நேரே வைத்து, குழல் மடியும் இணைப்பின் மேல் டிஷ்யூ துண்டு ஒன்றை வைத்துப் பெல்லட் போட்டுச் சுடுங்கள். துண்டு எழும்பினால் அங்கிருக்கும் ஓ-ரிங்கை (ரப்பர் வளையத்தை) மாற்ற வேண்டும், சின்னச் செலவுதான். எழும்பாவிட்டால் ஸ்பிரிங்கைச் சந்தேகியுங்கள். மடக்கிய நிலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிற பழக்கம் ஸ்பிரிங்கைச் சீக்கிரம் தொய்யவைக்கும், ஆபத்தும்கூட.

கைப்பிடியையும் சொல்ல வேண்டும். ஸ்பிரிங் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி உதறும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் தளர்வாகக் கிடத்தி, அது விருப்பம்போல் உதறட்டும் என்று விடுங்கள். தினமும் ஒரே இடத்தில் உள்ளங்கை இருக்க வேண்டும். பெல்லட் நுழைக்கும்போது மற்றக் கை குழலை விடவே கூடாது. ட்ரிக்கர் தவறி விடுபட்டால் குழல் அறைந்து மூடும், விரல் தப்பாது.

பழையது வாங்குவதானால் குழலைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். மடக்கும்போது கரகரவென்று அரைத்தால் ஸ்பிரிங் முறிந்திருக்கும்; அது மாற்றக்கூடியது, விலையில் குறைத்துக் கேளுங்கள். விரலும் கன்னமும் படும் இடங்களில் வியர்வைத் துரு பள்ளமாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் எண்ணெய்த் துணியால் துடைத்து, பூட்டும் பீரோவில் பெல்லட் டப்பாவைத் தனியாகவும் துப்பாக்கியைத் தனியாகவும் வையுங்கள். ஒறம்பரை (உறவினர்) வந்து பிள்ளைகள் கேட்டால், கேட்டவர் பக்கத்தில் நின்று, ஒரு நேரத்தில் ஒரே பெல்லட்டைக் கையில் கொடுங்கள்.