நீலப் புகை: வால்வு சீலா, பிஸ்டன் ரிங்கா?

பழைய பிஎம்டபிள்யூ 745i கார் ஒன்றை விலை பேசப் போகிறவர் அரை மணி நேரத்தை ஒதுக்கிக்கொண்டு போக வேண்டும். சிக்னலில் சில நிமிடம் நின்று, பச்சை விழுந்து ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் பின்னால் நிற்பவரை மறைக்கும் அளவுக்கு நீலப் புகை கிளம்புவது இந்த வண்டியின் பேர்பெற்ற வியாதி. விற்பவருக்கு இது தெரியும். நீங்கள் வருவதற்குள் ஒரு சுற்று விரட்டி ஓட்டிவந்து நிறுத்தியிருப்பார். புகையெல்லாம் வழியிலேயே போயிருக்கும். ஆகவே சூடான இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிட்டு, அதன் பிறகு மிதித்துப் பாருங்கள்.

2001-இல் 7 வரிசைக் கார்களில் வந்த என்62 வி8 இன்ஜின் இது. எட்டு சிலிண்டர்; சிலிண்டருக்கு நான்கு வால்வு; ஆக 32 வால்வு சீல்கள். விரல்நுனி அளவேயான இந்த ரப்பர் வளையங்கள் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து இறுகிவிட்டால், வால்வுத் தண்டு வழியாக ஆயில் கசிந்து இறங்கும். நிற்கும்போது சேரும், மிதித்ததும் எரியும்.

நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்பதுவரை எல்லா மெக்கானிக்குகளும் ஒத்துப்போவார்கள். அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்பதில்தான் சண்டை. வால்வு சீல், பிஸ்டனைச் சுற்றி உட்கார்ந்து ஆயிலை மேலே வரவிடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங், இன்ஜினின் அடிப்பகுதியில் சேரும் ஆவியை வெளியேற்றும் கிராங்க்கேஸ் காற்றோட்ட வால்வு என மூன்று சந்தேக நபர்கள். “ரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும்” என்பது பட்டறையில் சட்டென்று வாயில் வரும் தீர்ப்பு. இந்த இன்ஜினைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பேன்.

ரிங் தேய்ந்த வண்டி சிக்னலுக்காகக் காத்திருக்காது. மேடேறும்போதும், நெடுநேரம் மிதித்துப் பிடிக்கும்போதும் விடாமல் புகையும். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளிருந்து காற்று குபுகுபுவென்று தள்ளும். சீல் புகையோ ஒரே மேகம், அப்புறம் சுத்தம். நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம்.

இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால் லீக் டவுன் சோதனை. சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்பது. ஆயில் மூடிப் பக்கம் இரைச்சல் வந்தால் ரிங். வால்வு சீல் எவ்வளவு கெட்டிருந்தாலும் இந்தச் சோதனையில் சிக்காது. மூடிய வால்வைத் தாண்டி அந்தக் காற்று சீல்வரை போவதே இல்லை. கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சரி, கசிவும் குறைவு, ஆனாலும் புகை என்றால் குற்றவாளி மேலே, வால்வுகள் இருக்கும் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறான்.

மூன்றாவது ஆள்தான் மலிவானவன், அதனாலேயே மறக்கப்படுகிறவன். காற்றோட்ட வால்வுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு கிழிந்தால், இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் ஆவி அளவு மீறி இன்டேக்குக்கு, அதாவது காற்று உள்ளே போகும் வழிக்கு, உறிஞ்சப்படும். விசில் போன்ற சத்தம், நின்ற இடத்தில் ஓடும்போது தடுமாறும் இன்ஜின், திறக்கவிடாமல் இழுத்துப் பிடிக்கும் ஆயில் மூடி ஆகியவை அடையாளம். முதலில் இதை மாற்றுங்கள். புகை நின்றுவிட்டால் பெருஞ்செலவு மிச்சம்.

நிற்காவிட்டால்? சீல் மாற்ற சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமல் நிறுத்தி, ஸ்பிரிங்கை அமுக்கி, ஒவ்வொன்றாக மாற்றும் கருவிகள் இருக்கின்றன. பொருள் விலை கொஞ்சம்தான். கூலிதான் கையைக் கடிக்கும். ரிங் வேலை வேறு ரகம். சிலிக்கான் கலந்த அலுமினியமான அலுசில் பிளாக் இது, சிலிண்டருக்குள் இரும்பு ஸ்லீவ் (உறை) கிடையாது. சாதாரண வண்டிக்குப் போர் அடிப்பதுபோல், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலப்படுத்துவதுபோல், செய்துவிட முடியாது. வாங்கும் முன்பே ரிங் என்று உறுதியானால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கெட்டி ஆயிலும் புட்டி மருந்தும் புகையைச் சில நாள் அடக்கலாம். அதற்குள் ஆயிலில் உள்ள பாஸ்பரஸ், புகைக்குழாயில் நச்சு வாயுவைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

கரும்புகை வந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். பெட்ரோல் அதிகம் போகிறது. ஏர் ஃபில்டர், சென்சார், இன்ஜெக்டர் என்று தேடினால் பெரும்பாலும் இன்ஜினைத் திறக்காமலே தீரும்.

குளிர்ந்த காலையில் வந்து சில நிமிடத்தில் மறையும் வெண்புகை வெறும் நீராவி. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு தொடர்ந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவம் சிலிண்டருக்குள் கசிகிறது; சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். ஆனால் கூலன்ட் குறைகிறது, புகையே இல்லை என்றால் கேஸ்கெட்டின் மேல் பழி போடாதீர்கள். இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஒரு கூலன்ட் குழாய் ஓடுகிறது. அதன் முன்பக்க சீல் காய்ந்துபோவது இந்த இன்ஜினின் இன்னொரு பரம்பரை வியாதி. வாட்டர் பம்புக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், ஈரம் தெரியும்.