பேலன்ஸ் பாரா, பிரஷர் வால்வா?

ரேஸ் காரின் முன்-பின் பிரேக் பங்கீட்டை எதை வைத்துச் சரிசெய்வது? முதலில் கணக்கு. 600 கிலோ கார், எடை பாதிக்குப் பாதி, ஈர்ப்பு மையம் 0.3 மீட்டர் உயரத்தில், வீல்பேஸ் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) 2.4 மீட்டர். 1.2 ஜி-யில் (ஈர்ப்பு முடுக்கத்தைப் போல 1.2 மடங்கு) பிரேக் பிடித்தால் 90 கிலோ எடை முன் சக்கரங்களுக்குப் போகும்: முன்னே 390, பின்னே 210, அதாவது 65:35. ஈரத்தரையில் 0.6 ஜி-தான் என்றால் 57.5:42.5. பிரேக் பங்கீடும் இதையொட்டியே இருக்க வேண்டும் என்பதால், இந்த மாற்றத்தைத்தான் சமாளிக்க வேண்டும்.

பங்கீடு
பேலன்ஸ் பார் (பெடல் விசையை முன், பின் மாஸ்டர் சிலிண்டர்களுக்குப் பிரித்துத் தரும் தண்டு; அந்தச் சிலிண்டர்கள்தான் விசையைத் திரவ அழுத்தமாக்கும்): எந்த அழுத்தத்திலும் ஒரே விகிதம். பெடலிலிருந்து 2000 நியூட்டன் வந்து, பார் நடுவில் இருந்தால் தலா 1000. முன்னே 15.9 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர் 5 மெகாபாஸ்கல் தரும். பின்னே 19 மி.மீ. சிலிண்டர் 3.5-தான். மழை வந்தால் பங்கீட்டைப் பின்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.
வால்வு (பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தை மட்டுப்படுத்துவது): ஓரளவு அழுத்தம் வரை முன்னும் பின்னும் சமம், அப்புறம் பின்பக்கம் மெதுவாக ஏறும். பின்பக்கத்தைக் குறைக்கும், கூட்டாது.

பொருத்துவது
வால்வு: பின் பைப்பில் சேர்த்தால் போதும், செலவும் குறைவு.
பார்: பெடல் பாக்ஸையே மாற்ற வேண்டும். ஒரு சர்க்யூட் (முன் அல்லது பின் பிரேக்கின் திரவப் பாதை) லீக் ஆகி பார் சாய்ந்தாலும் மற்றது பிடிக்கும்படி இடைவெளி வைக்க வேண்டும். இதில் அவசரமே கூடாது.

சாலைக் காரை மாற்றி ஓட்டுபவருக்கு வால்வு போதும். புதிதாக ரேஸ் கார் கட்டுபவர் பாரையே போடுங்கள். இரண்டையும் சேர்த்தால் பங்கீடு எதனால் மாறுகிறது என்றே பிடிபடாது.